செவுளைத் தூக்கிப் பார்த்தால்

அம்மா மீன் வாங்கும்போது முதலில் கண்ணைப் பார்ப்பார். அப்புறம் வயிற்றை விரலால் அழுத்துவார். கடைசியில் கட்டைவிரல் நகத்தால் செவுள் மூடியைத் தூக்குவார். முதல் இரண்டும் பேச்சுக்கு, தீர்ப்பு செவுளில்தான். உள்ளே குங்குமச் சிவப்பாக இருந்தால் பை திறக்கும். பழுப்பு தட்டியிருந்தால், கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும் அம்மா அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். பெங்களூர் அல்சூரில் முப்பது வருடமாக இதே சோதனை.

நான் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தச் சோதனை குழம்பிப் போனது. எங்கள் தெருவில் ஒரு மீன்காரர் உண்டு. ரத்த உறவு கிடையாது, ஆனால் பிள்ளைகள் எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து சிறு வயதில் பெங்களூருக்கு வந்தவர். ஏரிகளைக் குத்தகைக்கு எடுப்பவர்களிடம் வலை போடும் வேலை பார்த்து, பிறகு ஊருக்கு வெளியே தானே சின்னதாக ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்தார். அன்று ஒரு பிளாஸ்டிக் வாளியில் நாலு ஜிலேபி மீன் கொண்டு வந்திருந்தார். உயிரோடு. வாசல் முழுக்கத் தண்ணீர் தெறித்தது. அம்மா வழக்கம்போல ஒன்றைப் பிடித்துச் செவுளைத் தூக்கினார். உள்ளே காபி டிகாக்‌ஷன் நிறம்.

“அண்ணே, இது பழசு.”

“என்ன தாயி சொல்ற? துடிக்குது பாரு!”

“துடிக்குதுதான். செவுளு செத்துப் போயிருக்கே.”

இரண்டு பேரும் சொன்னது சரி. மீன் உயிரோடு இருந்தது; செவுள் பழைய மீனுடையது. அம்மா வாங்கவில்லை. பெரியப்பா வருத்தத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து, “நீ படிக்கிற புள்ளைதானே, ஏன்னு சொல்லும்மா” என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை எம்.எஸ்சி. வரைக்கும், அதற்கு அப்புறமும், மீன் செவுளின் பின்னாலேயே ஓட வைத்தது. இந்தக் கட்டுரை அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில். கொஞ்சம் தாமதமான பதில்.

செவுளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பலரும் அதை மீனின் நுரையீரல் என்று நினைத்து அதோடு விட்டுவிடுகிறார்கள். மூச்சு அதன் வேலைகளில் ஒன்று மட்டும்தான். மீனின் உடம்பிலிருக்கும் உப்பைக் காப்பதும் செவுள்தான். நமக்குச் சிறுநீரில் போகிற நைட்ரஜன் கழிவில் பெரும்பங்கை, மீன் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரியாக வைப்பதும் அங்கேதான். நுரையீரல், சிறுநீரகம், குடல் மூன்றும் செய்யும் வேலையில் பாதியை, வெளித்தண்ணீரில் நேராக நனைந்துகொண்டிருக்கும் ஒரே உறுப்பு செய்கிறது. நமக்கு உள்ளே பத்திரமாக இருப்பது மீனுக்குச் சாக்கடையில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

அதன் மூச்சே எவ்வளவு சிரமம் என்று பாருங்கள். ஒரு லிட்டர் காற்றில் கால் கிராமுக்குக் குறையாமல் ஆக்சிஜன் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில், 25 டிகிரி வெப்பத்தில், மிஞ்சிப்போனால் 8 மில்லிகிராம். முப்பதில் ஒரு பங்கு. அதுவும் கடல் மட்டத்தில். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, அதனால் நம் ஊர் ஏரி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதில் கரையும் ஆக்சிஜன் சென்னை ஏரியைவிடப் பத்து சதவீதம் குறைச்சல்தான். தண்ணீரோ காற்றைவிட எண்ணூறு மடங்கு கனம். அதை வாயால் இழுத்துச் செவுளில் தள்ளுவதற்கே மீன் உழைக்க வேண்டும்.

இவ்வளவு குறைவான சரக்கிலிருந்து மீன் எப்படிப் பிழைக்கிறது என்றால், செவுளின் அமைப்பினால்தான். ஒவ்வொரு செவுள் வளைவிலும் இரண்டு வரிசையாகச் சிவப்பு இழைகள். நாம் வெட்டும்போது கண்ணுக்குத் தெரிவது அதுவரைதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு இழையிலும் இரண்டு பக்கமும் பேன் சீப்பின் பற்கள் போல மெல்லிய தகடுகள் நிற்கும். அந்தத் தகட்டுக்குள் ஓடும் ரத்தத்துக்கும் வெளியே ஓடும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு கனமுள்ள சவ்வு. தண்ணீர் ஒரு திசையில் போகும், ரத்தம் எதிர்த் திசையில் வரும். இந்த எதிரோட்டத்தால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் எண்பது சதவீதம் வரைகூட மீனால் எடுத்துவிட முடியும். நம் நுரையீரல் எடுப்பது உள்ளே போனதில் கால்வாசி.

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு நகரத்துச் சாக்கடை விழும் ஓர் ஏரியிலிருந்து ஜிலேபி மீன் பிடித்து வந்தோம். செவுளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் ஒப்பிட, பண்ணைத் தண்ணீரில் வளர்ந்த மீனின் தகடு. பண்ணை மீனில் சீப்புப் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நடுவே வெள்ளையாக இடைவெளி. ஏரி மீனில் அந்த இடைவெளியைக் காணோம். பற்களுக்கு நடுவே செல்கள் பெருகி, அடைத்து, சில இடங்களில் நாலைந்து பற்கள் ஒன்றாக ஒட்டிப்போய் ஒரே கட்டையாக நின்றன. நுனிகள் தீக்குச்சித் தலை மாதிரி உப்பியிருந்தன. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் மேடம் பின்னால் வந்து நின்று பார்த்தார். “இது உயிரோட இருந்த மீன்ல எடுத்தது. அதை மறந்துடாதே” என்றார்.

இன்றுவரை மறக்கவில்லை. அந்தச் செல்கள் ஏன் பெருகின? விஷம் உள்ளே வராமல் இருக்கத்தான். சோப்புத்தண்ணீர், உலோகம், அம்மோனியா எது சவ்வை அரித்தாலும் செவுள் சுவரைத் தடிமனாக்கும், கோழையைச் சுரக்கும். வாசலில் ரகளை என்றால் கதவைச் சாத்துகிற மாதிரி. ஆனால் ஆக்சிஜன் வருவதும் அதே வாசல் வழியாகத்தான். சுவர் இரண்டு மடங்கு தடித்தால் மூச்சும் அந்த அளவுக்குத் திணறும். நல்ல தண்ணீரில் இந்த மீனைக் கொண்டுபோய் விட்டாலும் உடனே சரியாகாது. செவுள் திரும்பத் தேறி வர நாளாகும். மோசமான தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஆக்சிஜனில் ஆரோக்கியமான கெண்டை எப்படியாவது சமாளிக்கும். தகடு ஒட்டிப்போன மீனுக்கு அந்த 3 போதாது.

2016 மார்ச் மாதம் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் பிறந்து வளர்ந்தது அந்த ஏரியின் மூச்சுக்காற்றில்தான். ஒரு பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவ முகாம், ஒரு பக்கம் கென்சிங்டன் ரோடு, கொஞ்ச தூரத்தில் பதினெட்டு வருடம் துணி மூடிக் கிடந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை. பெங்களூர்த் தமிழர்களுக்கு ஊருக்குள் ஓர் ஊர் என்றால் அது அந்த ஏரிக்கரைதான். அன்று காலை கரையில் நின்றபோது வெள்ளை வெள்ளையாக வயிறு. நாற்றம் தெருவுக்குள் வந்துவிட்டது. கரை ஓரமாக ஒதுங்கியிருந்தவற்றைக் குனிந்து பார்த்தேன். வாய் பிளந்தபடி, செவுள் மூடிகள் அகல விரிந்தபடி. மூச்சுக்குத் தவித்துச் செத்த மீனின் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம் என்றார்கள். தவறில்லை. ஆனால் ஒருவர் இறந்துபோனதற்கு மூச்சு நின்றதுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தால் நமக்கு எவ்வளவு திருப்தியாக இருக்குமோ, அவ்வளவுதான் எனக்கும் இருந்தது. அந்த மீன்கள் அன்று விடிகாலையில் செத்தன. அதற்கு எத்தனையோ மாதம் முன்பிருந்தே வாழ முடியாமல் இருந்தன. அந்த மாதங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குப் பேச வேண்டியிருந்தது அதைத்தான்.

முதலில் அந்த விடிகாலையை எடுத்துக்கொள்வோம். கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏராளம். பாசிக்கு அது உரம். ஏரி பச்சைப் பெயின்ட் கரைத்தது போல ஆகிவிடும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டும். இரவில் அதே பாசி மூச்சு விடும்; அடியில் இருக்கும் சேற்றில் பாக்டீரியா வேறு கழிவைத் தின்றுகொண்டே ஆக்சிஜனை உறிஞ்சும். கடன்காரன் போல இரவு முழுக்கக் கணக்கு குறைந்துகொண்டே போய், சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் அடிமட்டத்தைத் தொடும். மீன்வளத்துக்கு ஏற்ற தண்ணீர் என்று சொல்ல லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்பது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். காலை பதினோரு மணிக்கு வெயிலில் போய்த் தண்ணீர் எடுத்தால் பச்சை ஏரிகூட இந்தத் தேர்வில் பாஸ் ஆகிவிடும். அதே இடத்தில் ஐந்தரை மணிக்கு எடுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது மாதிரி எடுத்த நேரத்தைத்தான். பல அறிக்கைகளில் அது இருப்பதே இல்லை.

மதியத்திலாவது மீனுக்கு நிம்மதி உண்டா? அங்கேதான் அம்மோனியா வருகிறது. தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் உள்ளது, அவ்வளவாகத் தொந்தரவு தராது. இன்னொன்று மின்னேற்றம் இல்லாதது. சவ்வுக்குள் சுலபமாகப் புகுந்துவிடும், விஷம். இரண்டும் எந்த விகிதத்தில் என்பதைத் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் விஷ வடிவம் ஒரு சதவீதம்கூட இல்லை. 8 ஆனால் ஐந்து சதவீதத்துக்கு மேல். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பாசி மண்டிய ஏரியில் மதிய வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச உறிஞ்ச, பி.எச். 9ஐத் தாண்டிப் போகும். ஆக விடிகாலையில் மூச்சு இல்லை, மத்தியானம் விஷம். மீனின் உடம்பிலிருந்து வெளியே போக வேண்டிய அம்மோனியாவும் போக வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கி மூளைக்கு ஏறும். சாக்கடை ஏரியில் சில மத்தியானங்களில் மீன் பைத்தியம் பிடித்தது போலச் சுழன்று நீந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பெரியப்பாவின் வாளிக்கு வருகிறேன். அம்மோனியாவைப் பாக்டீரியா தின்றால் நைட்ரைட் ஆகும். அதை இன்னொரு பாக்டீரியா தின்று நைட்ரேட் ஆக்கிவிட்டால் பெரிய ஆபத்து இல்லை. நடுவில் சங்கிலி அறுந்தால் நைட்ரைட் தேங்கும். ஏரிக்குளத்து மீனின் உடம்பு வெளித்தண்ணீரைவிட உப்பானது. உப்பு எந்நேரமும் வெளியே கசியும், தண்ணீர் எந்நேரமும் உள்ளே ஊறும். அதனால் அது தண்ணீர் குடிப்பதே கிட்டத்தட்ட இல்லை; ஊறி வருவதை மூத்திரமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். கசிந்த உப்பை ஈடுகட்டச் செவுளில் தனியாகச் சில செல்கள் இருந்து, தண்ணீரிலுள்ள சோடியத்தையும் குளோரைடையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே இழுக்கும். நைட்ரைட்டும் குளோரைடும் அந்த வாசலில் ஒன்று போலவே தெரியும். செல் ஏமாந்து நைட்ரைட்டை உள்ளே விட்டுவிடும். அது ரத்தத்துக்குப் போய் ஹீமோகுளோபினிலுள்ள இரும்பை மாற்றிவிடும். அப்புறம் அந்த ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. நிறமும் சிவப்பு போய்ச் சாக்லேட் பழுப்பாகும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

அம்மாவின் கட்டைவிரல் அன்று கண்டது அதைத்தான். செத்து நாளான மீனின் பழுப்பு வேறு, இது வேறு. உயிரோடு இருக்கும்போதே ரத்தம் கெட்டுப்போன மீன்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்றே பெரியப்பாவிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுக்குத்தான் குஞ்சு விடுற தொட்டில கல் உப்பு போடச் சொன்னாரு எங்க மேஸ்திரி. ஏன்னு கேட்டா அவருக்கும் தெரியாது” என்றார். கல் உப்பு என்றால் சோடியம் குளோரைடு. தண்ணீரில் குளோரைடு அதிகமானால் வாசலில் கூட்டம் கூடிவிடும். நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. படிக்காத மேஸ்திரி ஒருவர் வேதியியலை இவ்வளவு துல்லியமாகக் கையில் வைத்திருந்தார் என்பது எனக்கு இன்னும் சிலிர்ப்புதான். தொட்டிக்கு உப்புப் போடலாம். ஏரிக்கு முடியாது.

இந்தத் தொல்லைகள் எல்லாம் தனித்தனியாக ஒரு மீனின் மேல் விழுவதில்லை. எல்லாம் சேர்ந்து அதன் உடம்பில் என்ன செய்கின்றன என்பதுதான் என் மனதுக்கு நெருக்கமான விஷயம். ஆபத்து என்று உணர்ந்த மாத்திரத்தில் மீனுக்கும் நம்மைப் போலவே அட்ரினலின் பாயும். அடுத்து மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகப் பக்கம் சொல்ல, கார்ட்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் சுரக்கும். நமக்குச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் சுரப்பி மீனுக்குத் தனியாக இல்லை. தலைப்பக்கச் சிறுநீரகத்துக்குள்ளேயே அந்தச் செல்கள் கலந்திருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறும், இதயம் வேகமெடுக்கும், செவுளுக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். செவுளைத் திறந்துவிட்டால் ஆக்சிஜன் கூடும், ஆனால் உப்பும் அதே வேகத்தில் வெளியே போகும். மீன் ஒவ்வொரு முறை ஆழ மூச்சு விடும்போதும் உப்பை இழந்துதான் விடுகிறது. கொக்கு துரத்தும் அரை நிமிடத்துக்கு இது அருமையான ஏற்பாடு. துரத்தல் நிற்காமல் மாதக் கணக்கில் போனால்?

வீட்டு வரவு செலவு மாதிரி யோசித்துப் பாருங்கள். சம்பளம் அதே சம்பளம். வாடகை ஏறிவிட்டது, மருந்துச் செலவு ஏறிவிட்டது. எதை முதலில் நிறுத்துவோம்? கல்யாணத்துக்குச் சேர்க்கும் சீட்டை. அப்புறம் பிள்ளைக்குப் புதுத் துணி. மீனும் அப்படித்தான். மூச்சுக்கும், உப்பைக் காப்பதற்கும், விஷத்தைக் கல்லீரலில் கட்டி வைப்பதற்கும் சக்தி போய்விடுவதால், முட்டை வைப்பது முதலில் நிற்கும். வளர்ச்சி நிற்கும். கார்ட்டிசால் நீண்ட நாள் உயர்ந்தே இருந்தால் எதிர்ப்பு சக்தி இறங்கும். நல்ல தண்ணீரில் ஒன்றும் செய்யாத சாதாரணப் பூஞ்சையும் பாக்டீரியாவும் அப்போது செதிலின் அடியில் புண்ணாக வெடிக்கும். வெயில் காலம் இன்னும் மோசம். தண்ணீர் சூடாகும்போது மீனின் ஆக்சிஜன் தேவை ஏறும், தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் இறங்கும்.

இதற்கும் அடுத்த கட்டம் ஒன்று உண்டு. பாதரசமும் பிற ரசாயனங்களும் கலந்த தண்ணீரில் நெடுநாள் வாழ்ந்த மீன்களைக் கனடாவில் பிடித்துப் பரிசோதித்தபோது, பிடிபட்ட அதிர்ச்சியில் ஏற வேண்டிய கார்ட்டிசால் ஏறவில்லை. பயந்து பயந்து, அந்த ஏற்பாடே ஓய்ந்துபோய்விட்டது. ஓட வேண்டிய நேரத்தில் ஓட உடம்பு ஒத்துழைக்காது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கெண்டை மீன்களுக்கு ஓர் அருமையான வழக்கம் இருக்கிறது. ஒன்றுக்குத் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கரையும். அதை முகர்ந்த மற்றவை சட்டென்று ஒளிந்துகொள்ளும். தேனீக்களின் நடனத்தை விளக்கியதற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வான் ஃபிரிஷ், 1938இல் இதை எழுதினார். தண்ணீரில் மிகச் சிறிதளவு செம்பு கலந்தாலே மீனின் மோப்ப நரம்புகள் மழுங்கும். கூட இருப்பது காயப்பட்டாலும் மற்றவற்றுக்குத் தெரியாது. செம்பு அந்த அளவில் எந்த மீனையும் கொல்வதில்லை. பரிசோதனைத் தொட்டியில் எல்லாம் நன்றாக நீந்தும். கொக்கு இருக்கும் ஏரியில்தான் வித்தியாசம் தெரியும்.

நம் வீடுகளிலிருந்தே போகும் இன்னொன்று ஹார்மோன். கர்ப்பத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜென் சிறுநீரோடு சாக்கடைக்குப் போகிறது; சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டியும் கொஞ்சம் மிஞ்சுகிறது. அந்தக் கொஞ்சம் என்ன செய்யும் என்று பார்க்க, கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றில், 2001 முதல் மூன்று கோடைகளில் கேரன் கிட் குழுவினர் அதைக் கலந்தார்கள். ஒரு லிட்டருக்கு 5, 6 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஐந்தாறு. ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கருவுக்கான புரதம் உருவாக ஆரம்பித்தது. அங்கே வாழ்ந்த ஃபேட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீன் இனம் ஏரியிலிருந்து கிட்டத்தட்ட அற்றுப்போனது. ஒரு மீன்கூடக் கரையில் செத்து ஒதுங்கி யாரையும் நாறடிக்கவில்லை. குஞ்சு வராமல் போனது, அவ்வளவுதான். கலப்பதை நிறுத்தியபின் சில ஆண்டுகளில் அந்த இனம் மீண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு நம்பிக்கை தரும் ஆராய்ச்சி முடிவு அது.

“ஏரியில மீன் இருக்கே, அப்புறம் என்ன கெட்டுப்போச்சு?” என்று என்னிடம் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். என்ன மீன் என்று திருப்பிக் கேட்பேன். கட்லாவும் ரோகுவும் போய், ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மட்டும் நிறைந்திருந்தால் அது ஏரிக்கு நல்ல செய்தியாகாது. ஜிலேபி குறைந்த ஆக்சிஜனை மற்றவற்றைவிடத் தாங்கும். இந்தக் கெளுத்திக்குச் செவுளோடு, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் கிளை போன்ற உறுப்பும் இருக்கிறது; மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுச் சாக்கடைக்குள் இறங்கிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது. ஆனாலும் பெங்களூர் ஏரிகளில் அது கொழுத்துத் திரிகிறது. விராலும் அப்படித்தான், காற்றை விழுங்கிப் பிழைக்கும் மீன். ஏரியில் மேலே வந்து காற்றை விழுங்கும் மீன்கள் மட்டும் பாக்கி என்றால், தண்ணீருக்குள் மூச்சுவிட முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

எங்கள் அல்சூர்ப் பக்கத்துக் கழிவுநீரும் போய்ச் சேரும் பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளி, 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்ததை உலகமே பார்த்தது. அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தட்சிண பினாகினியில் கலந்து, ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. நாம் தென்பெண்ணை என்று சொல்லும் ஆறு அதுதான். கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் வெள்ளை மலையாக நுரை வருவதை ஓசூர்க்காரர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள். அதே ஆறு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் வரை போகிறது. அல்சூரில் நாங்கள் துணி துவைத்த சோப்பு, எங்கள் சொந்த ஊர்ப்பக்கத்து மீனின் செவுளைத்தான் போய்த் தொடுகிறது. எனக்கு இது ரொம்பவும் வலிக்கிறது. கர்நாடகம், தமிழ்நாடு என்று பேசிப் பேசி இந்த ஒரு விஷயத்தையும் நாம் தண்ணீர்ச் சண்டையாக மட்டும் ஆக்கிவிடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

போன வருடம் மார்ச் கடைசியில், முதல் கோடை மழை பெய்த மறுநாள், விடியற்காலை நாலே முக்காலுக்குப் பெரியப்பா போன் செய்தார். முதல் மழை என்றாலே அவருக்குப் பயம். வெயிலில் மாதக் கணக்கில் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாயில் தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே இரவில் அடித்துக்கொண்டு வந்து விழும், அடிச்சேறு கலங்கும். “மீனு மேல வந்து நிக்குதும்மா. உன் மெசினை எடுத்துக்கிட்டு வர்றியா?”

போய்ச் சேரும்போது இன்னும் வெளுக்கவில்லை. டார்ச் அடித்தேன். குட்டை முழுக்க வாய்கள். நூற்றுக்கணக்கான வட்ட வாய்கள் தண்ணீரின் மேல் தோலைத் தொட்டுத் தொட்டு மூடின. காற்றோடு ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய படலத்தில் மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தன. டார்ச் வெளிச்சம் பட்டும் எதுவும் உள்ளே ஓடவில்லை. ஆக்சிஜன் மீட்டரை முழங்கை ஆழத்துக்கு இறக்கினேன். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்கும் கீழே காட்டியது. அவருடைய மகன் டீசல் பம்ப்பைக் கிளப்பி, குழாயை ஆகாயத்தைப் பார்த்துத் திருப்பிக் கட்டினான். குட்டைத் தண்ணீரே மேலே போய்ச் சிதறிக் காற்றை வாங்கிக்கொண்டு திரும்ப விழுந்தது. பெரிய மீன்கள் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்தன. நகர முடியாத ஏழெட்டைப் பெரியப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் தாங்கி, அங்கே கொண்டுபோய் விட்டார்.

வெயில் வந்தது. ஏழு மணிக்கு மேல் வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. மொத்தம் மூன்று மீன்தான் செத்திருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து, அம்மா செய்வது போலவே கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்புத்தான். ஆனால் இழைகளின் மேல் வெள்ளையாகக் கோழை படிந்து, ஓரமெல்லாம் தடித்திருந்தது.

பம்ப்பை நிறுத்திவிட்டு, ஈர வேட்டியைப் பிழிந்தபடி பெரியப்பா குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொழச்சுக்கிச்சு பெரியப்பா” என்றேன்.

“பொழச்சுக்கும்மா. ஆனா இனி ரெண்டு மாசத்துக்கு எடை ஏறாது. தீனி போட்டாலும் எடுக்காது. ஆடியில முட்டையும் இருக்காது, பாரு.”

ஆடியில் போய்ப் பார்த்தேன். இல்லை.